பச்சிளங் குழவியரைப் பற்றும் ஹெர்ப்பீஸ்

பெரியோர் உதட்டிற் சில கொப்புளங்களாய்த் தோன்றிச் சின்னாளில் ஆறிவிடும் நோயொன்று, பிறந்த குழவிக்குக் கூற்றாய் முடிவதுமுண்டு. அதுவே ஹெர்ப்பீஸ். ‘ஊர்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர். நம்மவர் ‘அக்கி’ என வழங்கும் நோய் இதற்கு இனமாயினும், அதனை விளைக்கும் வைரஸ் வேறு.

இந்நோய் பெரும்பாலும் பிரசவத்தின்போதே தாயின் பிறப்புறுப்பினின்று குழவியைப் பற்றுகின்றது. நெடுநாள் முன்னரே இவ்வைரஸைப் பெற்ற தாயின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள் கருவிலுள்ள குழவியையுஞ் சென்றடைந்து ஓரளவு காக்கும். கருப்பத்தின் இறுதித் திங்களில் முதன்முறையாக நோயுற்றாளுக்கோ அப்பொருள் உண்டாகப் போதிய காலமில்லை; ஆதலின் அபாயம் ஆண்டு மிகுதி. புண்பட்ட உதட்டால் முத்தமிடுவதாலும் இது தொற்றும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 14,000 குழவியர் இதற்கு ஆளாகின்றனரென 2017-இல் வெளிவந்த மதிப்பீடொன்று கூறும். தோல், கண், வாய் என்னுமிவற்றளவில் நிற்பது ஒருவகை. மூளையைத் தாக்குவது மற்றொருவகை. ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புக்களிற் பரவுவது மூன்றாம் வகை. மருந்தின்றி விடின் இம்மூன்றாம் வகையினருள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் மாள்வர்.

ஈண்டு யாம் வற்புறுத்த விழைவது ஒன்றுண்டு. கொப்புளங் கண்ட பின்னரே ஐயுறலாமெனப் பலர் கருதுவர். அது பிழை. கொப்புளமே தோன்றாமலும் இந்நோய் முற்றும். பாலுண்ணாமை, சோர்ந்து கிடத்தல், சுரம், உடல் குளிர்தல், வலிப்பு என்பவையே குறிகளாக நிற்றல் கூடும். பிறந்த முதல் 6 வாரங்களுள் இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவரை நாடல் வேண்டும்.

விரைவு ஏனெனின், கூறுதும். 1988-இல் நோபெல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் உடனாய்வாளரும் ஆராய்ந்து உதவிய அஸைக்ளோவிர் என்னும் மருந்துளது. வைரஸின் நொதியே இம்மருந்தைத் தொழிற்படச் செய்ய, மருந்து அவ்வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கின்றது. இதனை 14 நாளேனும், மூளையிலோ பிறவுறுப்புக்களிலோ நோய் பரவியிருப்பின் 21 நாளேனும், இரத்தக்குழாய் வழியே செலுத்துவர். ஆயினும் இது பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி, அழிந்த மூளையை மீட்டுத் தராது. இழந்த ஒவ்வொரு நாழிகையும் இழந்ததே.

உதட்டிற் புண்ணுடையார் ஆறுமளவும் குழவியை முத்தமிடாதிருத்தல் அன்பின்மையன்று. கருவுற்ற மகளிரும் தமக்கோ கணவர்க்கோ இந்நோயுண்டாயின், நாணி மறையாது மருத்துவர்க்கு உரைத்தல் வேண்டும். பிரசவ வேளையிற் புண் காணின், அறுவை முறையாற் குழவியை எடுத்து அபாயத்தைக் குறைக்க அவர்க்கு வழியுண்டு, அறியாதார்க்கு அவ்வழியில்லை.