காய்ந்தால் கெடும் விதை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ‘விதைப்பெட்டி’ ஒன்றைத் தொடங்கினோம். ஜூன் மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவரை, புளி, மாங்கொட்டை எனக் கொண்டுவந்து குவித்தார்கள். எல்லாவற்றையும் மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து டப்பாக்களில் போட்டு மூடச் சொன்னேன். புரட்டாசி மழையில் விதைத்தோம். அவரை முளைத்தது, புளி முளைத்தது, மா ஒன்றுகூட முளைக்கவில்லை. கொட்டையை உடைத்துப் பார்த்தால் பருப்பு சுருங்கிக் கறுத்திருந்தது.

“நல்லாத்தானே காயவச்சோம் டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். காயவைத்ததுதான் தவறு. அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

விதைகளில் இருவகை உண்டு. நெல், அவரை, புளி போன்றவை ஈரம் வற்றினாலும் உயிரோடு உறங்கும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகம், இத்தகைய விதைகளை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்துக் காக்கிறது. மா, பலா, ரப்பர் போன்றவற்றின் விதைகளோ ஈரம் குறைந்தாலே இறந்துவிடும். அவற்றுக்கு அந்தக் காப்பகம் உதவாது.

இந்தச் சிக்கலை உலக அளவில் உணர்த்தும் மரம் ஓக். நம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை அறிமுகப்படுத்தப் பட்டே போதும். காஞ்சிப் பட்டின் புழு உண்பது மல்பெரி இலை. மணிப்பூரில் ஓக் இலையை உண்ணும் புழுவிடமிருந்து ஓக் டசார் பட்டு கிடைக்கிறது.

உலகில் ஏறத்தாழ 430 ஓக் இனங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2020-இல் வெளியான ஓக் சிவப்புப் பட்டியல் கூறுகிறது. இமயமலையின் கர்சு ஓக் பருவமழைக் காலத்தில் கொட்டைகளை உதிர்க்கிறது. அவை உடனே முளைவிடும். மழை தாமதமானால் காய்ந்து வீணாகும்.

அப்படியானால் ஓக்கை எப்படிக் காப்பது? மரமாகவே காக்க வேண்டும். காட்டைக் காப்பது முதல் வழி. தாவரவியல் பூங்காக்களில் வளர்ப்பது அடுத்தது. அப்போதும் ஒரே தாய்மரத்தின் கொட்டைகள் போதாது; பல மரங்களிலிருந்து சேகரித்தால்தான் நோயையும் வறட்சியையும் தாங்கும் மரபுப் பன்மை நிலைக்கும். விதையின் கருவை மட்டும் பிரித்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

இதைப் படித்தபோது நம் ஏகாம்பரநாதர் கோயில் தலமரமான மாமரம் நினைவுக்கு வந்தது. டப்பாவில் அடைக்க முடியாத உயிரை, மரமாகவே பேணும் வழக்கம் நம் ஊரில் முன்பே இருக்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சோதனை: பத்து மாங்கொட்டைகளைப் பழம் தின்றவுடன் ஈரமணலில் ஊன்றுங்கள். இன்னும் பத்தை ஒரு மாதம் வெயிலில் காயவைத்து ஊன்றுங்கள். முளைத்தவற்றைப் பிள்ளைகளே எண்ணி எழுதட்டும்.

எங்கள் விதைப்பெட்டி இப்போதும் இருக்கிறது. மாங்கொட்டை மட்டும் அதற்குள் போவதில்லை. நேரே மண்ணுக்குப் போகிறது.