ஒரு நிமிடத்துக்கு 1,200 ரூபாய்: கொரில்லா ட்ரெக்கிங் போகும் முன் தெரிய வேண்டியவை

மலைக் கொரில்லாவைப் பார்க்க ஜீப் உதவாது. செங்குத்தான மழைக்காட்டில் நடந்துதான் போக வேண்டும். அரை மணி நேரத்திலும் கண்ணில் படலாம், 5 மணி நேரமும் ஆகலாம். பார்த்த பிறகு கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கான பெர்மிட், வெளிநாட்டவருக்கு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முறையே 72 ஆயிரம், 1.35 லட்சம். நிமிடக் கணக்கில் 1,200 ரூபாய், 2,250 ரூபாய். விமானம், விசா, தங்கும் செலவெல்லாம் தனி.

ஏன் இவ்வளவு விலை? யார் போகலாம்? எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

ஏன் இவ்வளவு விலை?

மலைக் கொரில்லாக்கள் உலகில் இரண்டே இடங்களில்தான் இருக்கின்றன. ஒன்று, ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். இன்னொன்று, உகாண்டாவின் பிவிண்டி காடும் அதை ஒட்டிய காங்கோ பகுதியும். விருங்காவில் 604, பிவிண்டி பக்கம் 459, மொத்தம் 1,063 என்பது கடைசியாக வெளியான கணக்கெடுப்புகளின் எண்ணிக்கை. உயிரியல் பூங்கா எதிலும் இவை இல்லை.

1980-களின் தொடக்கத்தில் விருங்காவில் சுமார் 250 மட்டுமே மிஞ்சியிருந்தன. அங்கிருந்து மீண்டு வந்ததால்தான், 2018-ல் இவை ‘மிக அருகிய’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்கு மாற்றப்பட்டன. ரேஞ்சர்கள், கால்நடை மருத்துவர்கள், வேட்டைத் தடுப்பு ரோந்து எனத் தினமும் நடக்கும் வேலை இதன் பின்னால் இருக்கிறது. அதற்கான பணத்தில் பெரும் பங்கு பெர்மிட்டிலிருந்து வருகிறது. ஒரு கொரில்லா குடும்பத்தை ஒரு நாளில் 8 பேர் மட்டுமே பார்க்கலாம். ஆட்களைக் கூட்ட முடியாது என்பதால் விலையைக் கூட்டுகிறார்கள். ருவாண்டா 2017-ல் 750 டாலரை ஒரே அறிவிப்பில் இரட்டிப்பாக்கியது.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1991-ல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது, தலைமுறைகளாக அந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது. ஆனாலும், காட்டை இழந்தவர்களுக்கு அது ஈடாகுமா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

உகாண்டாவா, ருவாண்டாவா?

பெர்மிட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ருவாண்டா தலைநகர் கிகாலியில் இறங்கினால் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம்தான். மூன்று நாளில் முடித்துவிடலாம். உகாண்டாவின் எண்டெபெ விமான நிலையத்திலிருந்து பிவிண்டிக்குச் சாலையில் 8 முதல் 10 மணி நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் மிச்சமாகும் 700 டாலரில் ஒரு பகுதி கார் வாடகைக்கும் விடுதிக்கும் போய்விடும்.

நடுவழி ஒன்று உண்டு. கிகாலியில் இறங்கி, சாலை வழியாக எல்லை தாண்டி பிவிண்டியின் தென்பகுதிக்குப் போவது. ருவாண்டா, உகாண்டா, கென்யா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா 100 டாலர், 90 நாள் செல்லுபடி. முதலில் இறங்கும் நாட்டின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

காங்கோவில் பெர்மிட் மலிவு என்று சொல்வார்கள். கிழக்கு காங்கோவில் நடக்கும் ஆயுத மோதலை நினைத்தால், அந்த மலிவு வேண்டாம்.

எந்த வரிசையில் திட்டமிடலாம்?

*முதலில் பெர்மிட்.* விமான டிக்கெட் அப்புறம்தான். ஜூன் முதல் செப்டம்பர், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, கூட்டமும் அப்போதுதான். அந்தத் தேதிகளுக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் விவரம் தேவை. வயது 15 நிரம்பியிருக்க வேண்டும்.

*அடுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.* சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

*பிறகு விசா, விமானம், விடுதி.* இந்திய ஏஜென்சியில் மொத்தப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

*கடைசியாக, உடம்பு.* சாதாரண ட்ரெக்கிங் பழக்கம் போதும். ஆனால் சேறு, முட்செடி, சரிவு எல்லாம் இருக்கும். முழுக்கை சட்டை, கையுறை, நல்ல ஷூ அவசியம். பை தூக்க உள்ளூர் போர்ட்டர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு வழுக்காது, அவருக்கு அன்றைய வருமானம்.

சளி பிடித்திருந்தால்?

போகக் கூடாது. இவ்வளவு செலவு செய்து அங்கே போய் நின்ற பிறகு இதைச் சொன்னால் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் மரபணுவில் சுமார் 98 சதவீதம் நம்மோடு ஒத்துப்போகும் விலங்கு இது. நமக்கு மூன்று நாளில் போகும் சளி, அதற்கு உயிர்போகும் நிமோனியாவாக மாறலாம். கொரோனாவுக்குப் பிறகு 7 மீட்டராக இருந்த இடைவெளி 10 மீட்டரானது, மாஸ்க்கும் வந்தது.

நடைமுறையில் செய்யக்கூடியது இரண்டு. ட்ரெக்கிங் நாளுக்கு முந்தைய வாரம் கூட்டத்தில் மாஸ்க் போடுங்கள். உடம்பு சரியில்லாமல் போனால் பணம் எவ்வளவு திரும்பும், தேதி மாற்ற முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அந்தப் பதில் கையில் இருந்தால், அன்று காலை ரேஞ்சரிடம் உண்மையைச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.