முதுகிலே மூட்டை, முன்னாலே மலை
கிழக்குத் திமோர் நாட்டில் ஒரு குழுப் பயணம்

ஆண்டவர் தம் சீடரை ஊரூராக அனுப்பியபோது, பையும் வேண்டா, மாற்றுடையும் வேண்டா என்று பணித்ததை நற்செய்தியில் வாசிக்கிறோம். அப்பகுதியைப் பல ஆண்டுகளாகப் பீடத்தில் நின்று விளக்கி வந்த நாம், அண்மையில் 14 கிலோ எடையுள்ள மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு திலி நகர விமான நிலையத்தில் போய் இறங்கினோம். எங்களை எதிர்கொண்ட இளம் வழிகாட்டி அந்த மூட்டையைக் கண்டு சிரிக்கவில்லை. "அமு, இவற்றுள் எவற்றை விட்டுவிட்டு வரப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். 'அமு' என்பது அந்நாட்டு மக்கள் குருவை அழைக்கும் சொல்.

அன்றிரவு விடுதி அறையில் மூட்டையைப் பிரித்தோம். நான்கு நூல்கள், இரண்டு அங்கிகள், ஒரு சோடிக் காலணி, அன்பர் ஒருவர் வற்புறுத்தித் தந்த ஊறுகாய் பாட்டில் ஆகிய எல்லாம் வெளியே வந்தன. திருப்பலிப் பெட்டியை மட்டும் விட மனம் வரவில்லை. எடை 9 கிலோவாகக் குறைந்தது.

சிறு நாடு, பெரிய விசுவாசம்

இந்தோனேசியத் தீவுகளிடையே கிழக்குப் பக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே கிடப்பது திமோர்த் தீவு. அதன் கிழக்குப் பாதியே கிழக்குத் திமோர் நாடு. பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 13 லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுள் நூற்றுக்கு 95 பேருக்கும் அதிகமானோர் கத்தோலிக்கர். ஆசியக் கண்டத்தில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் பிலிப்பைன்சும் இதுவுமே. ஆயினும் உலகப் பயணிகள் மிகக் குறைவாகவே செல்லும் நாடுகளுள் இதுவும் ஒன்று.

சந்தன மரத்தைத் தேடி வந்த போர்த்துக்கீசியர், 16ஆம் நூற்றாண்டிலிருந்து 1975 வரை இங்குக் கால் ஊன்றியிருந்தனர். 1975 நவம்பர் 28இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஒன்பதே நாள்களில், டிசம்பர் 7இல், இந்தோனேசியப் படைகள் புகுந்தன. தொடர்ந்த 24 ஆண்டுகளில் கொலையாலும் பசியாலும் நோயாலும் ஒரு லட்சம் பேருக்குமேல் மாண்டனர் என்பது, பின்னர் அமைந்த உண்மை அறியும் ஆணையத்தின் கணிப்பு. 1999 ஆகஸ்டு 30இல் நடந்த பொது வாக்கெடுப்பில் நூற்றுக்கு 78 பேர் விடுதலையை வேண்டினர். 2002 மே 20இல் நாடு முழு விடுதலை பெற்றது. 2025 அக்டோபரில் ஆசியான் அமைப்பின் 11ஆம் உறுப்பு நாடாயிற்று.

1975இல் இம்மக்களுள் கத்தோலிக்கர் சிறுபான்மையினரே. அடக்குமுறைக் காலத்தில்தான் திருச்சபை பெருகியது. 1981 முதல் திருப்பலியில் ஆட்சியாளரின் மொழி ஒலிக்கவில்லை. மக்களின் தேத்தும் மொழியே ஒலித்தது. பேசவே அஞ்சிய மக்களுக்குத் தம் தாய்மொழியில் உரக்கச் செபிக்க ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தை அவர்கள் மறக்கவில்லை. 2024 செப்டம்பர் 10இல் திருத்தந்தை பிரான்சிசு தாசித்தோலு திடலில் திருப்பலி நிறைவேற்றியபோது ஏறத்தாழ 6 லட்சம் பேர் கூடினர். நாட்டு மக்களுள் பாதிப் பேர் ஒரே பலியில் பங்குகொண்ட காட்சியை வேறெங்குக் காண முடியும்?

கல்லறைத் தோட்டத்தில்

எங்கள் குழுவில் பல நாட்டவராக 11 பேர் இருந்தோம். விசுவாசிகள் சிலர், எந்த மதமும் வேண்டா என்போர் சிலர். வண்டி, படுக்கை, உணவு ஆகியவற்றை வழிகாட்டி ஏற்பாடு செய்வார். மூட்டையை மட்டும் அவரவரே சுமக்க வேண்டும். இதுவே இத்தகைய பயணத்தின் முறை.

முதல் நாள் சாந்தா குருசு கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். 1991 நவம்பர் 12 அன்று, மோத்தாயேல் ஆலயத்தில் கொல்லப்பட்ட இளைஞர் ஒருவருக்காகத் திருப்பலி கண்டு, அவர் கல்லறைக்கு ஊர்வலமாக வந்த மக்கள்மீது படையினர் இங்குச் சுட்டனர். 250க்கு மேற்பட்டோர் மாண்டதாகக் கூறப்படுகிறது. அயல்நாட்டுப் படப்பிடிப்பாளர் ஒருவர் தாம் எடுத்த படச்சுருளைக் கல்லறை ஒன்றில் புதைத்து வைத்துப் பின்னர் மீட்டு வெளியே அனுப்பினார். உலகின் கண் திறந்தது அதன்பிறகே.

நுழைந்தவுடன் எங்களுள் பலர் படக்கருவியை எடுத்தனர். நாமும் எடுத்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வழிகாட்டி தடுக்கவில்லை. "படம் எடுங்கள், இந்த இடத்தின் உண்மையைக் காத்ததே ஒரு படம்தான். ஆனால் முதலில் ஆளுக்கொரு கல்லறையின் முன் நின்று, அதில் உள்ள பெயரை வாய்விட்டுப் படியுங்கள்" என்றார். படித்தோம். படித்தபின் எவர் கையும் படக்கருவியை நாடவில்லை. தம் சிற்றப்பா ஒருவர் அன்று வீடு திரும்பவில்லை என்பதை அவர் வெளியே வந்தபின்பே கூறினார்.

மாலையில் கடலோரக் குன்றின்மேல் நிற்கும் கிறிஸ்து அரசர் சுரூபத்தைக் கண்டோம். 27 மீட்டர் உயரமுள்ள அதனை 1996இல் நிறுவியது இந்தோனேசிய அரசு. திமோரை 27ஆம் மாநிலமாக எண்ணியே அந்த உயரம் குறிக்கப்பட்டதாம். விடுதலை பெற்ற மக்கள் அதனை இடித்துத் தள்ளியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. "கொடுத்தவர் யாராயினும், நிற்பவர் நம் ஆண்டவர் அல்லவா?" என்று வழிகாட்டி கேட்டபோது, மன்னிப்பைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகள் யாவும் நீர்த்துப் போயின.

இராமெலாவ் மலையில்

ஐலேயு, மவுபிசே வழியாக அத்தோ புயிலிக்கோ என்னும் மலையூருக்குப் போனோம். வழியெங்கும் நிழல்மரங்களுக்கடியில் காப்பிச் செடிகள். அராபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகவே கலந்து பிறந்த செடி ஒன்று இத்தீவில்தான் கண்டறியப்பட்டது. இலைத் துரு நோயைத் தாங்கும் அதன் வழிவந்த இனங்கள் பல நாடுகளில் பயிராகின்றன. நம் நாட்டின் 'காவேரி' என்னும் காப்பி இனத்துக்கும் அதுவே மூதாதை.

அவ்வூருக்கு மேலே நிற்பது இராமெலாவ், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரமுள்ள நாட்டின் உச்சி மலை. 1997இல் நிறுவப்பட்ட அன்னை மரியாளின் சுரூபம் அதன் முகட்டில் உள்ளது. சூரிய உதயத்தை அங்கிருந்து காண்பதற்காக இரவு 3 மணிக்கே புறப்பட்டோம். நல்ல குளிர். நமக்கோ இரண்டு நாள்களாகவே முழங்காலில் வலி. அதனை வழிகாட்டியிடம் சொல்லவில்லை. குருவானவர் தளர்ந்து பின்தங்கினார் என்ற பெயர் வரக்கூடாது என்ற எண்ணமே காரணம். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

"கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம்" என்பது வழிகாட்டி முதல் நாளே விதித்த சட்டம். பாதி வழியில் கால் மறுத்தது. குழு நின்றது, மீண்டும் நடந்தது, மீண்டும் நின்றது. "நெய்நெய்க், அமு, நெய்நெய்க்" என்றார் வழிகாட்டி. 'மெல்ல மெல்ல' என்பது பொருள். நாம் முகட்டை அடைந்தபோது கதிரவன் எழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அதனைக் காணவே தொலைவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கோபம் நியாயமானதே. முன்னரே சொல்லியிருந்தால் நம்மை ஊரில் விட்டுச் சென்றிருப்பார்கள், அல்லது ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டிருப்பார்கள்.

சுரூபத்தின் அடியில் அவ்வூர் மூதாட்டி ஒருவர் வெறுங்காலுடன் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தோம். மொழி தெரியாவிடினும் மணிகள் தெரியுமே! பத்து மணி முடிந்ததும் எழுந்துபோய் எங்கள் குழுவினர் முன் நின்று, வலியை மறைத்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். ஆயிரம் பேருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட நமக்குப் பத்துப் பேர் முன் அது எளிதாக இல்லை. அந்த இளைஞர் அப்போதும் பேசவில்லை. ஆனால் இறங்கும்போது திருப்பலிப் பெட்டி இருந்த நம் பையைக் கழற்றித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் கடவுள் நம்பிக்கை அற்றவர். அன்று மாலை ஊர்ச் சிற்றாலயத்தில் அனுமதி பெற்று நாம் நிறைவேற்றிய திருப்பலிக்குரிய கிண்ணம் மலையிறங்கி வந்தது அவர் முதுகில்தான்.

முதலையும் சிறுவனும்

அன்றிரவு அடுப்படியில் வழிகாட்டி ஒரு நாட்டுக் கதை சொன்னார். கரையில் வெயிலில் வாடிய முதலைக் குட்டியை ஒரு சிறுவன் சுமந்து சென்று நீரில் விட்டான். வளர்ந்த முதலை நன்றி மறவாமல் அவனை முதுகில் ஏற்றிக் கடலெல்லாம் சுற்றிக் காட்டியது. முதுமையில் இறக்கும் வேளை, அவனும் அவன் மக்களும் வாழும்படி தன் உடலையே தீவாக்கிற்று. அதனால் திமோர் மக்கள் முதலையைப் 'பாட்டனார்' என்று அழைக்கின்றனர். முதலில் சுமந்தவன் பின்னர் சுமக்கப்பட்டான். நம் நாட்டுச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்கள் அப்போது நினைவுக்கு வந்தன.

செல்ல விரும்புவோருக்கு

இத்தகைய பயணத்தில் சேர எண்ணும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். மே முதல் நவம்பர் வரை வறண்ட காலம், அதுவே ஏற்றது. மழைக்காலத்தில் மலைச் சாலைகள் அறுந்து போகும். பாலித் தீவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அமெரிக்க டாலரே அங்கு நாணயம். சிற்றூரில் சில்லறை கிடைப்பது அரிது, ஆதலால் சிறிய தாள்களாகக் கொண்டு செல்க. 2025 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் அந்நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. ஆயினும் டெங்குக் கொசு உண்டு. குழுவில் எத்தனை பேர், வழிகாட்டி அந்நாட்டவரா, தங்கும் வீட்டாருக்குப் பணம் நேரே போகிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊட்டக் குறைவால் வளர்ச்சி குன்றியுள்ள நாடு அது. அங்கே விலை பேசி வெல்வது வெற்றியன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் வலி எதுவாயினும் வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள்.

போக இயலாதோர் வருந்த வேண்டா. ஒவ்வொரு குடும்பமும் வழிகாட்டியுடன் செல்லும் ஒரு சிறு குழுவே. அதிலும் பின்தங்குவோர் உண்டு: நடை தளர்ந்த பாட்டி, தேர்வில் தவறிய மகன், கடனை மனைவியிடமும் சொல்லாமல் மறைக்கும் தந்தை. மறைப்பவர் தனியே துன்புறுவதில்லை. உடன் வருவோரின் உதயத்தையும் கெடுத்துவிடுகிறார். இதை நாம் நூலில் படித்துச் சொல்லவில்லை. மலையில் கற்றுச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் முழங்கால் வலியை மறைத்து நடப்பவர் யார்? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின் அவரிடம் கேளுங்கள். அவர் சொன்னபின், நெய்நெய்க், அவர் வேகத்திலேயே எல்லோரும் நடங்கள். ஆண்டவர் உங்களுக்கு வழித்துணையாய் இருப்பாராக.