தொம்பைக்குள் ஒரு கணக்கு

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். அதில் மரவேலை ஏறக்குறைய 30 அடிதான். அதற்குமேல் எழும்பி நிற்பதெல்லாம் மூங்கில், கயிறு, துணி. தேர் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஆசாரியின் உளியை மெச்சுகிறார்கள். தையல்காரரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

தேர்ச்சீலை, தோரணம், தொம்பை என்று தஞ்சாவூர் வட்டாரத்தில் கோயிலுக்கென்றே ஒரு தையல் உண்டு. சிவப்புத் துணிமேல் வெள்ளை, மஞ்சள், பச்சைத் துணிகளை மயிலாகவும் யாளியாகவும் வெட்டி வைத்து, ஓரம் மடித்துத் தைப்பார்கள். தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தாலும் மயில் மயிலாகத் தெரிய வேண்டும். பொடிக்கோடு எதுவும் அந்த உயரத்தில் எடுபடாது. கொண்டை, கழுத்து வளைவு, தோகை போதும், மற்றதை விட்டுவிடலாம். எதை விடலாம் என்று கண்டுகொள்வதில்தான் கைக்காரரின் கற்பனை இருக்கிறது.

தேரின் பக்கங்களில் உருளையாகத் தொங்குவது தொம்பை. அதன் வளையம் ஓர் அடி விட்டம் என்றால், சுற்றளவு கிட்டத்தட்ட 38 அங்குலம். ஒன்பது அங்குல அகலத்தில் நாலு மயில் வைத்தால் 36 போய்விடும். மிச்சம் இரண்டு அங்குலத்தை நாலு இடைவெளிக்கும் அரை அரை அங்குலமாகப் பங்கிட வேண்டும். மூட்டும் தையல் அந்த இடைவெளி ஒன்றில் விழ வேண்டும். தவறினால் ஒரு மயிலின் கழுத்தில் தையல் ஓடும். தையலுக்கு உள்ளே போகும் துணியை முன்கூட்டியே சேர்த்து வெட்டியிருக்க வேண்டும். இத்தனையும் கத்தரி வைக்குமுன் மனதில் முடிந்தாக வேண்டிய வேலை.

இன்னொரு சிக்கல் வளைவு. மயில் கழுத்தின் உள்வளைவில் ஓரத்தை மடித்தால் துணி இழுத்துக்கொண்டு சுருங்கும். ஓரத்தில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்தால் படிந்துவிடும். வெட்டு ஆழமாகிவிட்டால் பிசிறு வெளியே வரும். எவ்வளவு ஆழம் என்பதைத் துணியின் நெசவைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

திருப்பனந்தாள் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இதே தொம்பையில் தைக்காமல் சாயத்தால் எழுதுகிறார்கள். கருப்பூர் கலம்காரி எனப்படும் அந்த வேலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மனம் நிறைக்கும் செய்தி.

துணிக் கணக்கு பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறது. ஓரம் போகப் போக அலையலையாக விரியும் அதிபரவளையத் தளம் என்ற கணித வடிவத்தைத் தாளில் ஒட்டிக் காட்டினால் சீக்கிரம் கிழிந்துபோகும். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் டைனா டைமினா குரோஷா ஊசியை எடுத்தார். இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு என்ற ஒரே விதியில் பின்னிக்கொண்டே போனார். மாணவர்கள் கையில் வைத்து மடித்துப் பார்க்கும்படி அந்த வடிவம் வந்துவிட்டது.

நம் பள்ளிகளிலோ தையல் வகுப்பு என்றாலே பெண்பிள்ளைகளுக்கு, அதுவும் பரீட்சை இல்லாத பாடம் என்று ஒதுக்கியாயிற்று. ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடத்தும் வாரத்தில், தஞ்சை, திருவாரூர்ப் பள்ளிகள் ஒரு தொம்பைத் தையல்காரரைச் சம்பளம் கொடுத்து அழைக்கலாம். பையன், பெண் எல்லோர் கையிலும் ஒரு பிரம்பு வளையம், இரண்டு நிறத் துணி, கத்தரி. நாலு மயிலுக்குப் பதில் ஐந்து வைக்கச் சொல்லிவிட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கட்டும்.