கோட்டையைச் சாய்த்த 40 பன்றிகள்!

1215-ம் வருடம், நவம்பர் 25. இங்கிலாந்து மன்னர் ஜான் தன் தலைமை அதிகாரிக்கு ஓர் அவசர உத்தரவு அனுப்புகிறார். அதில் அவர் கேட்டது படையும் அல்ல, பணமும் அல்ல... பன்றிகள்! நன்றாகக் கொழுத்த 40 பன்றிகள், இரவு பகல் பாராமல் வந்து சேர வேண்டும். அதுவும், சாப்பிட லாயக்கில்லாத பன்றிகளாகப் பார்த்து அனுப்பினால் போதுமாம்.

விருந்துக்கு இல்லையென்றால் வேறு எதற்கு? ஒரு கோட்டையைச் சாய்க்க!

அந்த ஜூன் மாதம்தான் 'மாக்னா கார்ட்டா' என்ற உரிமைச் சாசனத்துக்கு ஜான் முத்திரை வைத்திருந்தார். சில மாதங்களிலேயே அது முறிந்து, மன்னருக்கும் பிரபுக்களுக்கும் சண்டை மூண்டது. மெட்வே ஆற்றங்கரையில் இருக்கும் ராசெஸ்டர் கோட்டையைப் பிரபுக்களின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அதன் நடுக்கோபுரம் 110 அடிக்கும் மேல் உயரம். அடிச்சுவரின் கனம் மட்டும் சுமார் 12 அடி! கல்லெறியும் இயந்திரங்களால் அதை அசைக்க முடியவில்லை.

ஜான் நம்பியது இன்னொரு கூட்டத்தை. முற்றுகை தொடங்கிய கையோடு, முடிந்த மட்டும் பிக்காசுகளை அடித்து அனுப்பும்படி கான்டர்பரி நகரத்துக்கு அவர் ஆணையிட்டிருந்தார். அந்தப் பிக்காசுகளைப் பிடித்தவர்கள், சுரங்கம் தோண்டுபவர்கள்.

அவர்கள் வேலை எப்படி நடக்கும்? மதிலுக்குச் சற்றுத் தள்ளி, அம்பு படாத மறைவில் குழியைத் தொடங்குவார்கள். அங்கிருந்து மண்ணுக்கடியிலேயே நகர்ந்து, சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போய்ச் சேர்வார்கள். அங்கே மண்ணையும் கல்லையும் எடுக்க எடுக்க, அந்த இடத்தில் மரத்தால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் அத்தனை பெரிய சுவரும் சில மரக்கட்டைகளின் மேல் நிற்கும். பிறகு சுள்ளிகளைத் திணித்துத் தீ வைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். முட்டுகள் எரிந்து முறியும்போது, மேலே இருக்கும் சுவரும் சரியும்.

ஐரோப்பியப் போர்க்களங்களுக்கு வெடிமருந்து வராத காலம் அது. ஈரமும் இருட்டுமான குழிக்குள் தீ அணையாமல் தகதகவென எரிய வேண்டும். அதற்குத்தான் பன்றிக் கொழுப்பு!

சொல்வதற்குச் சுலபம். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். தலைக்கு மேல் ஒரு கோட்டையின் பாரம். தான் வைத்த முட்டு ஒன்று நழுவினாலும் அதுவே சமாதி. இது போதாதென்று, கோட்டைக்குள் இருப்பவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, எதிர்ச்சுரங்கம் வெட்டி வருவார்கள்.

அந்தப் போட்டியை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையில் இன்றும் பார்க்கலாம். 1546-47 முற்றுகையில் தாக்க வந்தவர்கள் பாறையைக் குடைந்து வெட்டிய சுரங்கம், ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு விசாலமானது. காப்பவர்கள் வெட்டியதோ குறுகலானது. குனிந்துதான் போக வேண்டும். சத்தம் வந்த திசையைத் துரத்தி அங்கும் இங்கும் வளைகிறது. தப்பான இடத்தில் தோண்டிப் பாதியில் கைவிட்ட குழிகளும் உண்டு. கடைசியில் எதிராளியின் சுரங்கத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்!

ராசெஸ்டரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. முட்டுகள் எரிந்தன, நடுக்கோபுரத்தின் ஒரு மூலை அப்படியே சரிந்தது. ஆனாலும், உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் பதுங்கி விடாமல் போராடினார்கள். குதிரைகளையே தின்று பசியாற வேண்டிய நிலை. கடைசியில் நவம்பர் 30 அன்று சரணடைந்தார்கள்.

பின்னாளில் அந்த மூலையைத் திரும்பக் கட்டியபோது, சதுரமாக இல்லாமல் வட்டமாகக் கட்டினார்கள். இன்று ராசெஸ்டர் போகிறவர்கள் பார்க்கலாம்: நடுக்கோபுரத்தின் மூன்று மூலைகள் சதுரம், ஒன்று மட்டும் உருண்டை.

உத்தரவு போட்ட மன்னரின் பெயரைச் சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. பன்றிகளின் கணக்கைக்கூட எழுதிவைத்திருக்கிறது. உயிரைப் பணயம் வைத்துக் குழிக்குள் இறங்கியவர்களின் பெயர்களைத்தான் எழுதவில்லை. அவர்கள் இருந்ததற்கு அடையாளம், அந்த ஒற்றை உருண்டை மூலைதான்!