ஒரு பல்லும் மூன்று அங்குலமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து மலைமேல் ஏறுகிறது மாநில நெடுஞ்சாலை 68. சுமார் 18 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 900 மீட்டர் உயர்ந்துவிடும் சாலை. கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் பாலைவனம். அந்த வெயிலில், பிக்கப் டிரக்கின் பின்னால் பல டன் எடையுள்ள டிரெய்லரைக் கட்டி, ஏ.சி.யை முழு வேகத்தில் ஓடவிட்டு ஏற்றிப் பார்க்கிறார்கள். வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் கொதிக்கக் கூடாது. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற இழுவைத் தேர்வு விதிமுறையில் இது ஒரு கட்டம். 2008-ல் வெளிவந்த அந்த விதிமுறையை 2011 மாடல் வண்டிகளுக்கு முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. மற்ற பெரிய கம்பெனிகள் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பெல்லாம், தன் வண்டி எத்தனை டன் இழுக்கும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த அளவுகோலை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தது.

தேர்வில் தேறுவது தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் நிற்கும் வண்டி. வாங்கியவர் பலநேரம் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. கல்லும் பள்ளமும் பனியும் நிறைந்த பாதைகளுக்காக, அல்லது பார்க்க மிடுக்காக இருக்கிறது என்பதற்காகவே, நான்கு அங்குலம், ஆறு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் மாட்டுகிறார். வார இறுதியில் அதே வண்டியில் படகையோ குதிரை டிரெய்லரையோ கட்டி இழுக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் நடக்குமா?

நடக்கும். ஆனால் உயர்த்தும்போது வண்டியில் எது மாறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் மாறவில்லை, கியர்பெட்டி மாறவில்லை. மாறுவதெல்லாம் நெம்புகோல்களின் நீளம். டயரின் ஆரம் ஒரு நெம்புகோல். தரையிலிருந்து எடைமையம் வரையுள்ள உயரம் இன்னொன்று. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே செருகிய கட்டை, டிரெய்லரை மாட்டும் ஹிட்சிலிருந்து கீழே தொங்கும் கொக்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். உயர்த்திய வண்டியில் அவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நீள்கின்றன.

இழுவையில் நேரடியாகக் கைவைப்பது டயர். 5 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின் உள்ள ஃபோர்டு எஃப்-150-ஐ எடுத்துக்கொள்வோம். 2021-க்குப் பிறகு வந்த இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 556 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை ஏறக்குறைய 4.7 மடங்காக்குகிறது. பின்னச்சில் இருக்கும் கிரௌன்-பினியன் பல்சக்கரங்கள் மேலும் 3.73 மடங்காக்குகின்றன. உராய்வு இழப்புகளை ஒதுக்கிவிட்டால், அச்சில் கிடைப்பது 9,700 நியூட்டன் மீட்டருக்கு மேல். இதை டயரின் ஆரத்தால் வகுத்தால், தரையைப் பின்னுக்குத் தள்ளும் விசை கிடைக்கும். 32 அங்குல டயரில் அது சுமார் 2,450 கிலோ எடைக்குச் சமம். 35 அங்குல டயரில் 2,240 கிலோதான். எஞ்சினை யாரும் தொடவில்லை, ஆனாலும் இருநூறு கிலோவுக்கு மேல் இழுவை போய்விட்டது.

இத்தனை இழந்து பெற்ற, மூன்று அங்குலம் பெரிய டயர், வண்டியை ஒன்றரை அங்குலம்தான் உயர்த்துகிறது. விட்டத்தில் பாதி மட்டுமே அச்சுக்குக் கீழே இருக்கிறது. அச்சின் நடுவில் பானைபோல் தொங்கும் டிஃபரன்ஷியல் பாறையில் இடிக்காமல் தப்புவது அந்த ஒன்றரை அங்குலத்தால்தான். முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் அச்சு உள்ள வண்டியில், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய டயர் உரசாமல் சுழல இடம் கொடுப்பதுதான் ஸ்பிரிங் உயர்த்தலின் முதல் வேலை.

இழந்ததை மீட்கும் வழி அந்த டிஃபரன்ஷியலுக்குள்ளேயே இருக்கிறது. நான் மிகவும் ரசிக்கும் இடம் இது. பரவலாகக் கிடைக்கும் 3.73 செட்டில், கிரௌன் எனப்படும் பெரிய வளையச் சக்கரத்துக்கு 41 பல், அதைச் சுற்றவைக்கும் சிறிய பினியனுக்கு 11 பல். 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. அடுத்த 4.10 செட்டில் கிரௌனுக்கு அதே 41, பினியனுக்கு 10. ஒரே ஒரு பல் குறைகிறது. அதனால் முறுக்குவிசை பத்து சதவீதம் கூடுகிறது. 32 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனதில் இழந்தது ஒன்பது சதவீதத்துக்குள். ஆகவே, மூன்று அங்குலம் பெரிய டயர் எடுத்துக்கொண்டதை பினியனின் ஒரு பல் திருப்பித் தந்துவிடுகிறது. மேலே போட்ட கணக்கை 4.10 வைத்து மறுபடி போட்டால் விடை 2,450-ஐத் தொட்டுவிடும்.

அந்தச் செட்டைப் பொருத்துவது பட்டறையில் அவசரமாகச் செய்கிற வேலை அல்ல. பினியனுக்கும் கிரௌனுக்கும் இடையிலான தளர்வு பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாள் கனத்திலுள்ள எஃகு வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் அந்த இடைவெளிக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு கிரௌனின் சில பற்களில் மஞ்சள் பசையைப் பூசி, கையால் சுற்றிப் பார்ப்பார்கள். பல்லும் பல்லும் தொட்ட இடத்தில் பசை விலகி, முட்டை வடிவத்தில் ஒரு தடம் விழும். தடம் பல்லின் நடுவில் இருந்தால் நல்லது. நுனிக்கோ அடிக்கோ ஒதுங்கியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றி வளையங்களை மாற்றி மறுபடி தொடங்க வேண்டியதுதான். அவசரப்பட்டு விட்ட தடம் நெடுஞ்சாலையில் ஊளைச் சத்தமாக வெளிவரும், சுமை ஏற்றினால் பல்லையே தின்றுவிடும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்னச்சிலும் இதே விகிதம் போட்டாக வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு விகிதம் இருந்தால், நான்கு சக்கர இழுவையைப் போட்டவுடன் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும்.

பெட்ரோல் வண்டிக்கு இந்த ஒரு பல் ஏன் இத்தனை முக்கியம்? ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 2020 மாடலில் தன் உச்ச முறுக்குவிசையான சுமார் 644 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,000 சுற்றில் தந்தது. அதே வரிசை டிரக்குகளில் வரும் 6.7 லிட்டர் டீசல் 1,400-க்கும் மேற்பட்ட நியூட்டன் மீட்டரை 2,000 சுற்றுக்கும் கீழேயே தந்துவிடுகிறது. டீசலில், பெரிய டயர் எஞ்சினின் சுற்றை ஒன்பது சதவீதம் குறைத்தாலும் அதன் பலம் பெரிதாகக் குறையாது. பெட்ரோல் எஞ்சினின் பலம் முழுக்கச் சுற்றில் இருக்கிறது. அதே கியரில் 4,000-ல் ஓட வேண்டியது 3,650-க்கு இறங்கினால் குதிரைத்திறனும் கூடவே இறங்கும். ஃபோர்டே 2020-ல் சூப்பர் டியூட்டி டிரக்கை 35 அங்குல டயருடன் ட்ரெமர் என்ற பெயரில் விற்றபோது, டீசலுக்கு 3.55 விகிதம் போதும் என்று வைத்து, பெட்ரோலுக்கு 4.30 கொடுத்தது.

பல்சக்கரம் குதிரைத்திறனை உண்டாக்குவதில்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பத்து கியர் உள்ள புது வண்டியில், விகிதத்தை மாற்றாமலே ஒரு கியர் கீழே இறக்கி மலையேறிவிடலாம். ஆறு கியர் மட்டுமே உள்ள பழைய வண்டியில் கியர்களுக்கிடையே தாவல் பெரிது. ஒரு கியரில் எஞ்சின் திணறும், அடுத்ததில் அலறும். எத்தனை கியர் இருந்தாலும் முதல் கியருக்குக் கீழே இறங்க வழியில்லை. ஜே2807 விதிமுறை 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்பக் கிளம்பச் சொல்வது அதனால்தான். சரிவில் நின்று கிளம்பும்போது, எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் எவ்வளவு சூடாகிறது என்பதை அச்சின் விகிதம்தான் தீர்மானிக்கிறது.

உயரமான இடங்களில் பெட்ரோல் வண்டிக்கு இன்னொரு இடி உண்டு. டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய மூன்று சதவீதம் பலத்தை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அங்கே காற்றே மூன்றில் இரண்டு பங்கு சொச்சம்தான். கடல்மட்டத்தில் நன்றாக இழுத்த வண்டி அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, பெரிய டயர் பிடுங்கிய ஒன்பது சதவீதம் நன்றாகவே தெரியும். இறங்கும்போதும் இதே கணக்குதான். எஞ்சின் பிரேக்காக வேலை செய்வதும் அந்த விகிதங்கள் வழியாகத்தான்.

சரி, பல்லை மாற்றிவிட்டோம். பழைய இழுவை எண் முழுதாகத் திரும்பிவிடுமா? இதற்கு ஃபோர்டின் சொந்த வண்டிகளே பதில் சொல்கின்றன. 2021 எஃப்-150, 3.5 லிட்டர் இரட்டை டர்போ பெட்ரோல் எஞ்சினுடன், சரியான கட்டமைப்பில் 6,350 கிலோ வரை இழுக்கத் தகுதி பெற்றது. உயரமான, பெரிய டயர் கொண்ட அதே குடும்பத்து ராப்டரிலும் 3.5 லிட்டர் இரட்டை டர்போதான். அச்சில் 4.10 விகிதமும் உண்டு. அதன் இழுவை எண்ணோ 3,720 கிலோ. எஞ்சினிலோ பல்லிலோ குறையில்லை. பாலைவன மணல்மேடுகளில் பறப்பதற்கென்று வைத்த நீண்ட, மெத்தென்ற ஸ்பிரிங்குகள் பின்னால் அழுத்தும் சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அந்தப் பின்சுமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்து மூட்டை அடுக்குவார்கள். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். டிரெய்லரிலும் அப்படித்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின்மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். 3,600 கிலோ டிரெய்லரில் 450 கிலோ அழுத்துகிறது என்று வைப்போம். ஹிட்ச் பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், அச்சுகளின் இடைவெளி 3.7 மீட்டர். அப்படியானால் முன்சக்கரங்களிலிருந்து சுமார் 146 கிலோ காணாமல் போகும், பின்னச்சில் கிட்டத்தட்ட 600 கிலோ ஏறும். திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் பொறுப்பு. எடைப்பகிர்வு ஹிட்ச் என்ற, வளையும் எஃகுத் தண்டுகள் கொண்ட அமைப்பு, அந்த எடையை நெம்பி மறுபடி முன்னே அனுப்புகிறது.

வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தினால் ஹிட்சும் ஆறு அங்குலம் ஏறும். அப்படியே மாட்டினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு, சுமையைத் தன் பின்னச்சின்மேல் தள்ளும். அதனால் பந்துக்கொக்கியைக் கீழே தொங்கவிடுகிறார்கள். டிரெய்லர் மட்டமாகிவிடும், ஆனால் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் முட்டும் விசை இப்போது ஆறு அங்குலம் நீண்ட கையின் வழியாக ஹிட்சைத் திருகுகிறது. ஆழமாகத் தொங்கும் கொக்கிகளில் பலவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட எடை குறைவு, ஆகவே அதன்மேல் பொறித்த எண்ணைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். சேசிஸுக்கும் கேபினுக்கும் இடையே கட்டை வைத்து உடலை மட்டும் உயர்த்தும் முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஹிட்ச் சேசிஸோடு பழைய இடத்திலேயே நிற்கும். பார்க்க அழகு குறைவு என்று பலர் ஒதுக்கும் இந்த முறைதான், இரண்டு மூன்று அங்குலம் போதுமென்றால், இழுக்கிறவருக்கு உகந்தது என்பது என் எண்ணம்.

பின்னச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை செருகுவதுதான் மலிவான வழி. சுமையோடு கிளம்பும்போது அச்சு தன்னையே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும், பட்டைகள் எஸ் வடிவத்தில் வளையும். கட்டை உயரமாக உயரமாக அந்த வளைவும் உதறலும் கூடும். காசு கூடினாலும் புதிய, கனமான பட்டை ஸ்பிரிங் தொகுதியையே மாட்டுவது நல்லது. கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால், அதன் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்கள் ஒன்றின் வேக ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுகட்டாமல் அதிரும்.

எடைமையம் ஏறுவதற்கு மட்டும் மருந்தில்லை. சக்கரங்களுக்கிடையேயான அகலத்தை எடைமைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்து வரும் எண்ணை, வண்டி கவிழும் அபாயத்தைக் கணிக்க அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பயன்படுத்துகிறது. 1.7 மீட்டர் அகலமும் 75 சென்டிமீட்டர் உயரமும் இருந்தால் 1.13. எடைமையம் 12 சென்டிமீட்டர் ஏறினால் 0.98. பிரேக்குக்கும் அதே டயர் ஆரம் எதிராக நிற்கிறது. அச்சில் அதே பிடி, தரையில் ஒன்பது சதவீதம் குறைவு. டிரெய்லரின் மின்பிரேக்கைச் சரியாக அமைத்துவைப்பது உயர்த்திய வண்டியில் இன்னும் அவசியம்.

டயரிலேயே ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது. 80 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் 33 அங்குல 275/70 ஆர் 18 டயர் ஒன்று 1,650 கிலோ சுமக்கும். 50 பி.எஸ்.ஐ. அளவிலான 35 அங்குல டயர் பல கடைகளில் கிடைக்கிறது, அது சுமப்பது 1,450 கிலோ. சுமையை ரப்பரைவிட உள்ளே அடைத்த காற்றே அதிகம் தாங்குவதால், பெரிய டயர் குறைவாகச் சுமக்கிறது. பின்னச்சில் இரண்டு டயருக்குச் சேர்த்து 400 கிலோ இழப்பு.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளின் லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடை, முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் என்று தனித்தனியாக எடை தரும். வண்டியைத் தனியாக ஒருமுறை, டிரெய்லரோடு ஒருமுறை, எடைப்பகிர்வு தண்டுகளை இறுக்கியபின் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் போதும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவுக்கு மிகக் கூடாது என்று எழுதியிருக்கும். உதாரணத்துக்கு அது 725 என்று வைப்போம். உயர்த்தும் கிட்டும் கனத்த டயர்களும் 100 கிலோவை எடுத்துக்கொள்ளும், நான்கு பேர் ஏறினால் 300. மீதி 325 கிலோதான் ஹிட்சின்மேல் அழுத்தலாம். மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கு அழுத்துகிறது என்றால், அது 2,600 கிலோ டிரெய்லர். எஞ்சினும் பத்துப் பல் பினியனும் 3,600 கிலோவை அந்த அரிசோனா மலையில் ஏற்றத் தயாராக இருந்தாலும், கட்ட வேண்டியது 2,600 கிலோவைத்தான்.