பக்கத்து இருக்கையில் யார்?

கல்லூரியை முடித்து நிறுவனம் ஒன்றில் சேரும் இளைஞர், ஒப்படைக்கப்பட்ட பணியைக் கற்பதோடு, அங்கே எதை யாரிடம் கேட்கலாம், எந்தத் தவறு பொறுத்துக்கொள்ளப்படும், எந்தத் தாமதத்தை உடனே சொல்லியாக வேண்டும் என்பவற்றையும் அறிந்து, வெளியாள் நிலையிலிருந்து மெல்ல மெல்ல உள்ளாளாக மாறுவதை மேலாண்மைத் துறையினர் ‘நிறுவனச் சமூகமயமாதல்’ என்று அழைக்கின்றனர். நிறுவனங்கள் புதியவர்களை இவ்வாறு பழக்கும் முறைகளை 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஆறு இணைகளாக வகைப்படுத்தினர்; கூட்டாகப் பயிற்றுவிப்பதா தனித்தனியாகவா, புதியவரின் இயல்பை ஏற்பதா களைவதா, அதே பணியைச் செய்த மூத்தவரை உடன் அமர்த்துவதா புதியவரைத் தனியே விடுவதா என்பவை அவற்றுள் மூன்று. சென்னையின் மென்பொருள் நிறுவனங்களைப் பொறுத்தவரை, இறுதியாகச் சொன்ன இணையே இன்று உடனடிக் கவனத்தைக் கோருகிறது.

கேட்டறிதலும் கண்டறிதலும்

புதியவர் ஒருவர் தமக்கு வேண்டியதைக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். பிறர் செய்வதைக் கவனித்தும் தெரிந்துகொள்ளலாம். கேட்பவர் தமது அறியாமையைப் பிறர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கவனிப்பவருக்கு அந்தக் கூச்சம் இல்லை. தமிழ்வழிப் பள்ளியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலை தேடி வருபவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆசிரியரைச் ‘சார்’ என்றே அழைத்துப் பழகியவர் மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கவே பல வாரங்கள் தயங்கும்போது, அவரிடம் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்பதற்கு எவ்வளவு தயங்குவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. அத்தகையவர்க்கு, பக்கத்து இருக்கையில் மூத்தவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே பாடமாக இருந்தது.

மென்பொருள் செயலிழக்கும்போது திரையில் கொட்டும் நூற்றுக்கணக்கான பிழை வரிகளைப் புதியவர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துத் திணறுவார். அனுபவசாலியோ மூலக் காரணம் பதிவாகியிருக்கும் கடைசிப் பகுதிக்கு நேராகச் சென்று, தம் குழு எழுதிய நிரலின் பெயர் தென்படும் வரியில் நிற்பார். பயிற்சிக் காணொலிகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் இந்தப் பழக்கம், அருகில் அமர்ந்திருப்பவருக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

தொழில் இவ்வாறு கைமாறுவது புதிதன்று. லைபீரியாவின் தையற்கடைகளை ஆராய்ந்து 1991-இல் வெளியான நூலொன்று, அங்கே பழகவரும் சிறுவர்கள் பொத்தான் தைப்பது போன்ற முடிப்பு வேலைகளில் தொடங்கி, பின்னர் தையலுக்கும் அதன்பின் துணி வெட்டுவதற்கும் முன்னேறுவதைக் காட்டியது. தவறினால் பெரிய நட்டமில்லாத வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, முழு வேலையையும் கண்ணால் கற்கும் இந்த நிலையை அந்நூல் ‘முறையான விளிம்புநிலைப் பங்கேற்பு’ என்று குறிப்பிடுகிறது. ஓரத்தில் நின்றபடியே உரிமையோடு பங்கெடுப்பது என்பது இதன் பொருள்.

கணக்கில் வராத நேரம்

2020 மார்ச்சில் தொடங்கிய பொதுமுடக்கத்துக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்வதும், அதைத் தொடர்ந்து வாரத்தில் சில நாள்கள் மட்டும் அலுவலகம் வரும் கலப்பு முறையும் இத்துறையில் வேரூன்றியபோது, அந்த ஓரம் சத்தமின்றி மறைந்துபோனது. விடுதி வாடகையும் பயண அலைச்சலும் மிச்சமாகின்றன என்றும், குழந்தைகளைக் கவனிக்க வேண்டிய பெண்களுக்கு இம்முறை உதவுகிறது என்றும் கூறப்படுவதில் உண்மை உண்டு. ஆனால் கேமரா அணைந்திருக்கும் கூட்டத்தில் புதியவரின் குழம்பிய முகத்தை எவரும் பார்ப்பதில்லை. குழு முழுவதும் படிக்கும் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்த கேள்வியை அனுப்பாமலே அவர் அழித்துவிடுகிறார். நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் தயங்காமல் கேட்டு முன்னேற, கூச்சம் உள்ளவர் பின்தங்க, அந்த வேறுபாடு ஆண்டு மதிப்பீட்டில் திறமையின் வேறுபாடாகப் பதிவாகிவிடும் என்பதே அஞ்ச வேண்டியது. பள்ளியிலும் கல்லூரியிலும் அரும்பாடுபட்டு இட்டு நிரப்பிய பள்ளம், வேலையின் முதல் ஆண்டிலேயே மீண்டும் தோண்டப்படுகிறது.

மூத்தவர்களுக்குக் கற்றுத்தர மனமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது பொருந்தாது. மென்பொருள் சேவைத் தொழிலில் ‘பில்லபிள் நேரம்’, அதாவது வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கத்தக்க நேரம், என்பதைக் கொண்டே ஒருவரின் உழைப்பு பெரிதும் அளக்கப்படுகிறது. புதியவரோடு செலவிட்ட ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கணக்கில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே கற்றுத்தருபவர் தம் வேலையை இரவில் முடிக்க நேர்கிறது. சில மாதங்களில் அவரும் ஓய்ந்துவிடுகிறார்.

எனவே புதியவர்களின் முதல் ஆறு மாதங்களிலாவது, அதே பணியைச் செய்யும் மூத்தவர் ஒருவர் அவர்களோடு ஒரே நாள்களில் அலுவலகம் வந்து அருகே அமர ஏற்பாடு வேண்டும். அந்த மூத்தவர் கற்றுத்தரும் நேரம் வாராந்தர நேரக் குறிப்பில் பணியாகவே பதிவாகி, அவருடைய பதவி உயர்வின்போது மதிப்புப் பெற வேண்டும். இச்செலவைத் தவிர்க்கும் நிறுவனம், தான் தேர்ந்தெடுத்தவர்களுள் கேட்கத் துணிந்தவர்களை மட்டுமே வளர்த்தெடுக்கும். கேட்கத் தயங்கிய திறமைசாலிகளைத் தகுதியற்றவர்கள் என்று எழுதி வெளியே அனுப்பிவிடும்.